அரை நிமிடத்தில் அணைந்த விமானம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில், பீடோங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்துக் கண்காட்சி மேசைமேல், என் அக்காள் மகன் நான்கு மாதம் உட்கார்ந்து செய்த ஹார்னெட் மாதிரி விமானம் நின்றது. இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் ஒரு வெள்ளை. இரண்டு செங்குத்து வால்களிலும் சிவப்பு வெட்டி வெட்டி மின்னியது. மூக்குச் சக்கரத் தண்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளை விளக்கு. சுற்றி நின்ற பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் ஒன்றாக அணைந்துவிட்டது.

பையன் யூஎஸ்பி வயரைப் பிடுங்கிச் சொருகினான். எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அணைந்தது. திரும்பவும் பிடுங்கி, திரும்பவும் சொருகி, மதியம்வரை இதே கதை. மூன்று மணிக்கு ஓர் அட்டையில் 'விளக்கு பழுது' என்று எழுதி விமானத்துக்கு முன்னால் சாய்த்துவைத்துவிட்டு, ஐஸ் வாங்கப் போகிறேன் என்று வெளியே போனவன் திரும்பி வரவில்லை.

அந்தக் கோளாறு என்ன, எப்படிப் பிடிபட்டது என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். நாங்கள் அசடு வழிந்த இடங்களையும் மறைக்கவில்லை.

முதலில் ஏன் ஹார்னெட் என்று சொல்லிவிடுகிறேன். பீடோங், மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே உள்ள தோட்டத்து ஊர். என் சின்ன வயதில் சுற்றிலும் ரப்பர். இப்போது செம்பனையும் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகளும். தெற்கே பட்டர்வொர்த்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் வானத்தில் ஜெட் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. 1958 முதல் 1988 வரை அந்தத் தளத்தை ஆஸ்திரேலிய விமானப்படைதான் நடத்தியது. அவர்களுடைய மிராஜ் விமானங்கள் தலைக்கு மேலே போனால் பால் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்களாம். என் பெரியப்பா இன்றும் சொல்வார். எங்கள் பையன் தலைமுறைக்கு அது எஃப்/ஏ-18டி ஹார்னெட் போர் விமானம். மலேசியா 1997இல் எட்டு வாங்கியது. எம்45-01 முதல் 08 வரை எண் போட்டுப் பட்டர்வொர்த்திலேயே வைத்தது. வேறு எந்த விமானத்தைச் செய்வான்?

வாங்கிய மாதிரி விமானப் பெட்டி 1/48 அளவு. நிஜ விமானம் 17 மீட்டர் நீளம் என்றால் இது 35 சென்டிமீட்டர் சொச்சம். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

எதை எரிய விடுவது என்பதிலேயே முதல் சண்டை வந்தது. பையனுக்கு எஞ்சின் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் தீ எரிய வேண்டும். பெரியப்பா பெட்டி மூடியில் இருந்த படத்தைப் பார்த்தார், பையன் ஒட்டி வைத்திருந்த சக்கரங்களைப் பார்த்தார். "சக்கரத்தை ஊன்றி நிற்கிற விமானத்துக்குப் பின்னால தீ எரிஞ்சா, பொம்பாவைக் கூப்பிடணும்டா" என்றார். பொம்பா என்றால் இங்கே தீயணைப்புப் படை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆக, தரையில் இரவில் நிற்கும் விமானம். அதற்கு என்னென்ன விளக்கு எரியும்? உலகத்தில் எந்த விமானமானாலும் விமானியின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. ஹார்னெட்டில் சிவப்பு மூன்று, பச்சை மூன்று உண்டு. நாங்கள் இறக்கை நுனிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். வெள்ளை, வலது வாலின் உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும். இரண்டு வால்களின் வெளிப்பக்கத்திலும் சிவப்பு மின்னல் விளக்கு ஒவ்வொன்று. மூக்குத் தண்டில் தரையோட்ட விளக்கு. மூக்கின் பக்கங்களிலும் வால்களிலும் பட்டைபட்டையாக மங்கலாய் ஒளிரும் அணிவகுப்பு விளக்குகளும் உண்டு. அவற்றை எரியவைக்கப் போனால் இன்னும் நான்கு மாதம் ஆகும் என்பதால் வெளிர் மஞ்சள் கலந்த பச்சைப் பெயிண்டோடு விட்டுவிட்டோம். (கண்காட்சியில் ஒருவர் சிவப்பும் பச்சையும் இடம் மாறிவிட்டது என்று அடித்துச் சொன்னார். அவர் மூக்குக்கு எதிரே நின்று பார்த்தார். விமானி இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று பையன் சொன்னதற்கு, அதற்கு நான் இன்னும் இளைக்க வேண்டுமே என்றார்.)

சிவப்பு தின்றுவிடும்

விளக்கு என்பது அரிசிக் குருணை அளவு எல்இடி. 1 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். தலைமுடித் தடிமனில் எனாமல் பூசிய செம்புக் கம்பி ஏற்கெனவே பற்றவைத்தே வரும். எந்தக் கம்பி எதற்கு என்று தெரிய மாஸ்கிங் டேப்பில் சி, ப, வெ என்று எழுதிக் கொடிபோல ஒட்டிவைத்தான்.

பையன் முதலில் செய்தது ஒரு பட்டன் பேட்டரி, மூன்று வோல்ட். அதில் ஒரே ஒரு மின்தடையை வைத்து, அதற்குப் பின்னால் சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றையும் பக்கம்பக்கமாகக் கோத்தான். சிவப்பு மட்டும் ஜம்மென்று எரிந்தது. பச்சை, வெள்ளை இரண்டுக்கும் உயிரே இல்லை. சிவப்பைக் கழற்றினால் பச்சை எரிகிறது. "ஆன்லைன்ல வாங்கின பச்சை டூப்பு மாமா" என்று சொல்லிப் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) இன்னொரு கட்டு பச்சை வாங்கினான். அதுவும் அப்படியே.

பச்சையில் குறையில்லை. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்டிலேயே மின்சாரத்தை விட ஆரம்பித்துவிடும். பச்சைக்கும் வெள்ளைக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றையும் பக்கம்பக்கமாகக் கட்டினால், சிவப்பு அந்த இடத்து அழுத்தத்தை 2 வோல்டிலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. மற்ற இரண்டுக்கும் எட்டவே எட்டாது. பந்தியில் முதல் ஆள் குழம்புச் சட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்ட கதை.

வழி எளிது: ஒவ்வொரு விளக்குக்கும் தனித் தடை, மின்மூலத்துக்கு 5 வோல்ட். சிவப்புக்கு 1000 ஓம் போட்டால் 3 மில்லி ஆம்பியர் ஓடும். பச்சைக்கு 680 போட்டால் அதே 3 ஓடும். ஆனால் இந்தக் காலத்துப் பச்சை எல்இடி கண்ணைக் கூசவைக்கும். சிவப்புக்குப் பக்கத்தில் அது கடைத்தெரு விளக்குப்போல இருந்தது. 2200 ஓமுக்கு ஏற்றி, ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாக இறக்கியபிறகுதான் இரண்டு இறக்கையும் ஒரே விமானத்தின் இறக்கைபோலத் தெரிந்தன. கணக்கு இவ்வளவு தூரம்தான் வரும், மீதியை இருட்டறையில் கண்ணால்தான் பார்த்து முடிக்க வேண்டும்.

வாலில் எல்இடி வைக்க இடமில்லை. ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் வராத பிளாஸ்டிக் தகடு அது. உட்பக்கத்தில் கத்தியால் வாய்க்கால் வெட்டி, கால் மில்லிமீட்டர் ஒளியிழையைப் படுக்கவைத்துப் புட்டி பூசினோம். எல்இடி கீழே உடலுக்குள். இழைமுனை மட்டும் வாலில் எட்டிப்பார்க்கும். இழைமேல் சூப்பர் கிளூ படக்கூடாது, நொறுங்கிவிடும். விமானி அறையின் கண்ணாடிக் கூரைப் பக்கமும் அந்தப் பசையைக் கொண்டுபோகக்கூடாது. ஆவி படிந்து வெள்ளைப் புகைபோல நிற்கும். இதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்று கேட்காதீர்கள். பெட்டியில் கூரை ஒன்றுதான் இருந்தது, அதைப் பாலிஷ் போட்டு மீட்க மூன்று சாயங்காலம் ஆனது.

மின்னல் விளக்கு தலைகீழாக மின்னியது

மின்னுவதற்கு 555 ஐசி. 1972இல் கடைக்கு வந்த சரக்கு, இன்றும் ஒரு வெள்ளிக்குள் கிடைக்கிறது. இரண்டு தடை, ஒரு கபாசிட்டர் சேர்த்தால் தாளம் போடும். பயணிகள் விமானங்களின் விதிப்படி மோதல் தடுப்பு விளக்கு நிமிடத்துக்கு 40 முதல் 100 தடவை மின்னலாம். நாங்கள் 90 என்று வைத்துக்கொண்டோம். 820 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட்.

எரியவிட்டால் பார்க்கச் சகிக்கவில்லை. விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்து, நடுநடுவே ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தது. தூக்கம் வந்த ஆள் இமைப்பதுபோல. பையன் தடைகளை இடம் மாற்றிப் பார்த்தான். எரியும் நேரமும் அணைந்திருக்கும் நேரமும் சமமாகிறதே தவிர, குட்டி வெட்டாக வரவில்லை.

இந்த ஐசி சாதாரணமாகக் கட்டினால் அதன் வெளியீட்டு மின்னழுத்தம் ஏறியிருக்கும் நேரம் எப்போதுமே இறங்கியிருக்கும் நேரத்தைவிட நீளம். ஏறும்போது இரண்டு தடை வழியாகவும் கபாசிட்டர் நிரம்புகிறது. இறங்கும்போது ஒன்றின் வழியாக மட்டும் வடிகிறது. எங்கள் எண்களுக்கு ஏறியிருப்பது 0.62 விநாடி, இறங்கியிருப்பது 0.05 விநாடிகூட இல்லை. ஆகவே தடைகளோடு மல்லுக்கட்டாமல் எல்இடியைத் திருப்பிவிட்டால் போதும். வெளியீட்டுக்கும் தரைக்கும் (சுற்றின் எதிர்முனைக்கும்) நடுவே இருந்ததை எடுத்து, 5 வோல்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே வைத்தோம். இப்போது வெளியீடு இறங்கும் அந்தக் கண நேரம்தான் விளக்கு எரியும். ஒரு வெட்டு, பிறகு இருட்டு, பிறகு ஒரு வெட்டு. பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். தொண்ணூற்றொன்று வந்தது.

ஒளிக்கசிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதிரி விமானத்துப் பிளாஸ்டிக் மெலிசு. உள்ளே விளக்கு எரிந்தால் வயிறே தீபாவளி விளக்குக்கூடு போல ஒளிரும். வெளியே பூசும் கருஞ்சாம்பல் பெயிண்ட் அதை முழுசாக மறைக்காது. உள்ளே கறுப்பு இரண்டு கோட், அதற்கு மேல் வெள்ளி நிறம். அலுமினிய டேப் ஒட்டினால் இன்னும் நல்லது, ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். பற்றவைத்த இடங்கள் எல்லாவற்றையும் முதலில் போர்த்திவிட வேண்டும்.

எல்லாக் கம்பியும் பின்சக்கரக் குழி வழியாக இறங்கி, மரப்பலகை அடித்தளத்துக்குள் போகும். தடைகளும் ஐசியும் அங்கேதான். எதுவும் பழுதானால் பலகையைத் திருப்பித் திறந்தால் போதும், விமானத்தைத் தொட வேண்டாம் என்று அப்போதே பேசிவைத்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இரண்டு வாரம் தினமும் எரியவிட்டோம். கைப்பேசிச் சார்ஜரில் சொருகி, சாமி மேசைக்குப் பக்கத்தில் வைத்து, சில நாள் ராத்திரி முழுக்க. ஒரு தடவைகூட அணைந்ததில்லை. அப்புறம்தான் உடலின் இரண்டு பாதியையும் ஒட்டி, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்து முடித்தான்.

வெள்ளி இரவு

கெடாவில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. கண்காட்சியும் அந்த இரண்டு நாள். முதல் நாள் மாலை விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பையன் உறுதியாக இருந்தான்: உள்ளே எங்கோ லூஸ் கனெக்‌ஷன். ஏனென்றால் வயரைப் பிடுங்கிச் சொருகினால் எரிகிறது, ஆட்டினால் எரிகிறது, விட்டால் அணைகிறது. நானும் தலையாட்டினேன். தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருபது வருஷம் இருக்கிறேன். பிடுங்கிச் சொருகினால் சரியாகிறது என்று யார் சொன்னாலும் என் கை தானாக ஈயம் பற்றவைக்கும் கோலைத் தேடும். சந்தேகம் பின்சக்கரக் குழியில். காரில் கொண்டுபோனபோது குலுங்கி, அங்கே கம்பி அறுந்து தொட்டும் தொடாமலும் நிற்கிறது என்று முடிவுகட்டினோம்.

வீட்டில் சார்ஜரில் சொருகினால் அணையவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தோம். "இப்ப பிடிச்சுக்கிச்சு, நாளைக்கு அங்க போனதும் விட்டுடும்" என்றான் பையன். லூஸ் கனெக்‌ஷனுக்கு அதுதானே குணம் என்று அதற்கும் தலையாட்டினேன்.

பலகையைத் திருப்பித் திறந்தோம். எல்லாம் சரி. அப்போதாவது நின்றிருக்கலாம். இரவு ஒன்பதரைக்கு அடிவயிற்று இணைப்பில் ரேசர் ரம்பத்தை வைத்தோம். நான்கு மாத வேலை. பெயிண்ட் தூள் கருஞ்சாம்பலாக மேசைத்துணியில் விழுந்துகொண்டே இருந்தது. விரல் நுழையும் அளவுக்குப் பிளந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால், ஒவ்வொரு பற்றும் பாதரசத் துளிபோலப் பளபளவென்று இருக்கிறது. மல்டிமீட்டர் வைத்தேன். பீப், பீப், பீப். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.

பெரியப்பா அதுவரை நாற்காலியில் தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம். அவர் அந்தக் காலத்தில் தோட்டத்து ரப்பர் ஆலையில் வயர்மேன். லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) மாலை ஆறு மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டுப் பத்து மணிக்கு நிறுத்துவது அவர் கைதான். கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"எவ்வளவு நேரம் கழிச்சு அணைஞ்சது?"

"அரை நிமிஷம் இருக்கும் தாத்தா."

"ஒவ்வொரு தடவையுமா?"

பையன் யோசித்தான். "ஆமா. ஒவ்வொரு தடவையும்."

"லூஸ் கனெக்‌ஷனுக்கு மணி பார்க்கத் தெரியுமாடா? ஆளு யாரோ நிறுத்துறான். பத்து மணிக்கு நான் நிறுத்துன மாதிரி."

மண்டபத்தில் மேசைக்குப் பக்கத்தில் பிளக் இல்லை. அதனால் பவர் பேங்கில் சொருகியிருந்தோம். வீட்டில் ஒரு நாளும் பவர் பேங்கில் போட்டுப் பார்த்ததில்லை. இதுதான் வீட்டுக்கும் மண்டபத்துக்கும் இருந்த ஒரே வித்தியாசம். நான்கு மாதத்தில் நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததில் அது வரவே இல்லை.

பவர் பேங்கை எடுத்துச் சொருகினோம். எரிந்தது. பையன் கைப்பேசியில் நேரம் பார்த்தான். முப்பது விநாடி ஓடி முடிந்ததும், அணைந்தது. பொத்தானை அழுத்தினோம், மறுபடி முப்பது.

பல பவர் பேங்குகள் கைப்பேசிக்கு மின்சாரம் கொடுப்பதற்கென்றே செய்தவை. கைப்பேசி நிறைந்துவிட்டால் இழுக்கும் மின்சாரம் குறையும். அப்போது 'வேலை முடிந்தது' என்று தன் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தானாகவே அணைந்துவிடும். 50 முதல் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் அதன் கணக்கில் ஒன்றும் சொருகியிருக்கவில்லை. எங்கள் விமானம் மொத்தமாக இழுத்தது சுமார் 20. தரையோட்ட விளக்கு 9, மீதி எல்லாம் சில்லறை. குறைந்த மின்சாரத்தில் எரியவைத்தோம் என்று பெருமைப்பட்டதே அதை அணைத்துவிட்டது.

வயரைப் பிடுங்கிச் சொருகியபோது எரிந்ததற்கும் இதுதான் காரணம். புதிதாக ஏதோ சொருகியிருக்கிறார்கள் என்று பவர் பேங்க் விழித்துக்கொண்டது, அவ்வளவுதான். நாங்கள் லூஸ் கனெக்‌ஷனுக்குச் சாட்சியாகப் பிடித்து வைத்திருந்த ஒவ்வொன்றும் இதற்கும் சாட்சிதான். எதிர்த்துப் பேசியது அந்த முப்பது விநாடி ஒன்றுதான். அது அன்று காலையிலிருந்தே எங்கள் கண்முன்னால் இருந்தது, நாங்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஐந்து வோல்டுக்கும் தரைக்கும் நடுவே சும்மா ஒரு தடை போட்டுச் சுமையைக் கூட்டிவிட்டால் பவர் பேங்க் விழித்தே இருக்கும். அதற்கேற்ற பெரிய தடை வீட்டில் இல்லை; இரவு பதினொன்றுக்கு எந்த ஹார்ட்வேர் கடை திறந்திருக்கும்? இழுப்பறையில் 220 ஓம் கால்வாட் தடைகள் கிடந்தன. மூன்றைப் பக்கம்பக்கமாகச் சேர்த்தால் 68 மில்லி ஆம்பியர், விமானத்தோடு 88. சொருகினோம். முப்பதாவது விநாடியில் அணைந்தது. நான்காவதையும் சேர்த்தோம்: 91, விமானத்தோடு 111. முப்பது ஆனது. நாற்பது ஆனது. பையன் மூச்சு விடவில்லை. இரண்டு நிமிடம் ஆனபிறகு பெரியப்பா எழுந்து படுக்கப் போனார். தடை ஒவ்வொன்றும் சுமார் 0.11 வாட் சூடாகும், கால்வாட் தாங்கும். தொட்டால் இளஞ்சூடு. ஆக 20 விளக்குக்கு, 91 வெறும் சூட்டுக்கு. கஞ்சத்தனம் பார்க்கிறவர்கள் மூன்று டபுள்-ஏ பேட்டரி வைத்துவிடலாம். ஆனால் சாதாரண 555 நாலரை வோல்டுக்குக் கீழே தடுமாறும்; அதற்கு 7555 என்ற, குறைந்த வோல்டிலும் ஓடும் சிமாஸ் வகை வேண்டும்.

பிளந்த வயிற்றை அன்றிரவே ஒட்டினோம். புட்டி காயவில்லை. சனிக்கிழமை காலை கருஞ்சாம்பல் பெயிண்டைத் தூரிகையால் தொட்டு மூடிவிட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனான். பத்து மணிக்குச் சொருகியது, சாயங்காலம் ஐந்துக்கு மேசையைக் காலி செய்யும்வரை மின்னிக்கொண்டே இருந்தது. குனிந்து அடிப்பக்கம் பார்த்தால் மூக்குச் சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஒரு தழும்பு தெரியும். அதை மறுபடி உப்புத்தாள் போட்டுச் சரிசெய்யலாமே என்றேன். அப்புறம் பார்ப்போம் என்கிறான்.

இப்போது அடுத்த பெட்டி வந்திருக்கிறது, ஹாக் 208 போர் விமானம். இன்னும் ஒரு துண்டுகூடப் பிரிக்கவில்லை. அடித்தளப் பலகை மட்டும் தயார். அதன்மேல் விமானத்துக்குப் பதிலாக மைலோ டப்பா அட்டையில் ஐந்து எல்இடியைக் குத்தி, அதே பவர் பேங்கில் சொருகிச் சாமி மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். நேற்று ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். எரிந்துகொண்டிருந்தது.